ஸ்டெம் செல் ஊசிக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. மாரடைப்பு வந்து எட்டு மாதம் ஆகிறது. எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு) 30 சதவீதம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் செத்த தசை திரும்ப வளரும், ஆறு லட்சம் ஆகும் என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கத் தயார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

பெரிய மாரடைப்பில் நூறு கோடி தசைச் செல்கள்வரை செத்துப்போகலாம். அந்த இடம் ஆறும். ஆனால் தழும்பாகத்தான் ஆறும். தழும்பு சுருங்கி விரியாது, பம்பிங் குறைகிறது. புதுத் தசை முளைக்காதா என்றால், இளவயதிலேயே ஆண்டுக்கு ஒரு சதவீதம் செல்கள்தான் புதிதாகின்றன.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். ஆனால் இப்படி விற்கப்படும் ஊசிகளில் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த செல்கள் இருக்கும். அவை இதயத் தசையாக மாறுவதில்லை; பெரும்பகுதி சில நாட்களிலேயே காணாமல் போய்விடும். 537 இதயச் செயலிழப்பு (இதயம் போதுமான அளவு பம்ப் செய்யாத நிலை) நோயாளிகளிடம் நடந்த 'ட்ரீம்-ஹெச்எஃப்' ஆய்வில் (2023), மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்களைப் போட்டும், அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்வது குறையவில்லை. இதயத்திலேயே ஸ்டெம் செல் இருக்கிறது என்று வருடக்கணக்கில் சொல்லிவந்த ஒரு ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி ஹார்வர்டு 2018-இல் சொன்னது. இந்தத் துறையில் ஆசை முன்னால் ஓடும், ஆதாரம் மூச்சிரைக்கப் பின்னால் வரும்.

உண்மையான நம்பிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, கொலாஜன் கூழைச் சாரமாக்கி, அதில் ஐபிஎஸ் செல்களிலிருந்து (சாதாரண உடல் செல்லை ஆய்வகத்தில் மறுபடி ஸ்டெம் செல்போல மாற்றியது) உருவாக்கிய இதயத் தசைச் செல்களை வளர்க்கிறார்கள். ஆய்வகத் தட்டில் இருக்கும்போதே அந்தத் தசை துடிக்கும்! ஜெர்மனியின் கோட்டிங்கனில் சிம்மர்மன் குழுவினர் முதலில் குரங்குகளுக்குப் பொருத்தினார்கள். பிறகு 46 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தின் மேல், சுமார் 40 கோடி செல்கள் கொண்ட ஒட்டுகளைத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. எடுத்த பழைய இதயத்தைப் பரிசோதித்தபோது ஒட்டு உயிரோடிருந்தது, ரத்தக் குழாய்களும் அதற்குள் வந்திருந்தன. 2025 ஜனவரியில் இது வெளியானது. வேறொருவர் செல் என்பதால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை கட்டாயம். துடிப்பு தாறுமாறாகும் அபாயத்தையும் கண்காணிக்க வேண்டும். இன்னும் ஆய்வுதான், கடைச்சரக்கு அல்ல.

நம் நாட்டில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே தரலாம். ஆய்வென்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்யும் இந்தியப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆறு லட்சம் கேட்டவர் முகம் மாறுகிறதா பாருங்கள்.

எனக்கு அதைவிட முக்கியம் அப்பாவின் மாத்திரைச் சீட்டு. பலவீனமான இதயத்துக்குத் தரும் மருந்துகள் நாலு வகை. பீட்டா பிளாக்கர், ஏஆர்என்ஐ, ஸ்பைரோனோலாக்டோன் போன்றது, எஸ்ஜிஎல்டி2 மருந்து: நாலு வகையும் இருக்கிறதா, தாங்கும் அளவுக்கு டோஸ் ஏற்றியிருக்கிறார்களா? பலருக்கு இதிலேயே பம்பிங் ஏறுகிறது. மூன்று மாதம் சரியாகச் சாப்பிட்டும் 35-க்குக் கீழேயே நின்றால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி பற்றி உங்கள் இதய மருத்துவரிடம் பேசுங்கள். போகும்போது பழைய எக்கோ ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள்.