நடிப்புக் காதல் நாவல்கள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

டீன் ஏஜ் காதல் நாவல்களில் ‘ஃபேக் டேட்டிங்’ வகை (காதலர்களாக நடிக்கும் இருவர் நிஜமாகவே காதலில் விழும் கதை) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்கன்னு முதல் பக்கத்துலயே தெரியுதே. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?

பதில்: சேர்வது தெரிந்ததுதான். நடிப்பு எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்க்கத்தான் படிக்கிறோம். ஜென்னி ஹான் 2014-ல் எழுதிய ‘டு ஆல் தி பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்’ நாவலையே எடுத்துக்கோங்க. லாரா ஜீன் யாருக்கும் காட்டாமல் எழுதி வைத்த ஐந்து காதல் கடிதங்கள் அவளுக்கே தெரியாமல் தபாலில் போய்விடுகின்றன. ஒன்று அவள் அக்காவின் முன்னாள் காதலனுக்கு! அவனைச் சமாளிக்க அவளுக்கு ஒரு பொய் தேவை. கடிதம் கிடைத்த இன்னொருவன் பீட்டர். பிரிந்துபோன காதலியைப் பொறாமைப்பட வைக்க அவனுக்கும் அதே பொய் தேவை. காதலர்களாக நடிக்க ஒப்பந்தம் போடுகிறார்கள். 2018-ல் வந்த நெட்ஃபிளிக்ஸ் படத்தில், முத்தம் கூடாது என்கிறாள் அவள். தினமும் சீட்டு எழுதித் தருகிறேன் என்கிறான் அவன். பழைய காதலி ஆசைப்பட்டும் அவளுக்கு எழுதாதவன். இப்போது அவள் எரிச்சலாகட்டும் என்றுதான் எழுதுகிறான். ஆனால் பிரித்துப் படிப்பது லாரா ஜீன் அல்லவா? ஊர் பார்க்கச் செய்வதெல்லாம் ஒருத்தி மனசில் போய் விழுகிறது. எனக்கு இந்த வகை இவ்வளவு பிடிக்க அதுதான் காரணம்.

கேள்வி: படம் பார்த்தாச்சு. புத்தகமும் வேணுமா?

பதில்: கட்டாயம். படத்தில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். நாவலோ அவள் பீட்டருக்குக் கடிதம் எழுதத் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். இரண்டாம் பாகத்தைக் கையிலேயே வைத்துக்கோங்க.

கேள்வி: நம்ம பக்கத்து முகங்கள் வர்ற கதை இருக்கா?

பதில்: அதீபா ஜெய்கிர்தாரின் ‘ஹானி அண்ட் இஷுஸ் கைடு டு ஃபேக் டேட்டிங்’ (2021). அயர்லாந்தில் படிக்கும் இரண்டு வங்காளிப் பெண்கள். தான் இருபாலீர்ப்பு உள்ளவள் என்று ஹானி சொன்னதைத் தோழிகள் நம்பவில்லை. அதனால் இஷுவைக் காதலிப்பதாகச் சொல்லிவிடுகிறாள். இஷுவுக்கு மாணவர் தலைவி ஆகணும். அதற்கு நாலு பேருக்குப் பிடித்தவளாக இருக்கணும்; எல்லாருக்கும் பிடித்த ஹானியோடு சேர்ந்தால் அது நடக்கும். தன்னைப் பற்றிய உண்மையை நம்ப வைக்க ஒரு பெண் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதைப் படிக்கும்போது மனசு கனத்துப்போகும்.

கேள்வி: சுமாரான புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உண்மையைச் சொல்லிவிட்டால் இவர்களுக்கு என்ன நஷ்டம் என்று கேளுங்க. ஒன்றுமில்லை என்றால் மூடி வைத்துவிடலாம்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயசு. ‘தி லவ் ஹைப்போதெசிஸ்’ கேக்குறா. வாங்கித் தரலாமா மேடம்?

பதில்: இப்போ வேண்டாம்மா. அதுவும் நடிப்புக் காதல்தான், ஆனால் முனைவர் பட்ட மாணவியும் பேராசிரியரும் வரும் பெரியவர்கள் கதை. படுக்கையறைக் காட்சி விரிவாகவே இருக்கு. முதலில் லாரா ஜீனைக் கொடுங்க. முடிந்தால் நீங்களும் கூடவே படிங்க.