காசு வேண்டாம், கதைக்க ஆக்கள் வேணும் எண்டா எங்க எழுதிறது?

மல்லாவியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாவாம், அம்மம்மா சொன்ன கதையள், குளத்துக் கதையள், காட்டுப்பழம், அரிவிவெட்டு எண்டு கொஞ்சம் எழுதி வச்சிருக்கிறாவாம். "காசு வந்தா வேண்டாமெண்டு சொல்லமாட்டன், ஆனா அதுக்காக எழுதேல்லை. வாசிச்சிட்டு திருப்பிக் கதைக்கிற ஆக்கள் வேணும், எழுதிற ஆக்களோட பழக வேணும். மீடியமா, சப்ஸ்டாக்கா, வாட்பேடா, பிரதிலிபியா, இல்லாட்டி பேஸ்புக்கே காணுமா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, உங்களுக்குக் காசு தேவையில்லாட்டியும் அந்தத் தளத்துக்குக் காசு தேவை. அந்தக் காசு எங்கயிருந்து வருதெண்டு பாத்தா அங்க என்ன மாதிரிச் சனம் கூடும், உங்கட எழுத்து ஆற்ற கண்ணில படும் எண்டது பாதி விளங்கீடும். டிசைன், வசதி எல்லாம் பேந்து பாக்கலாம்.

கட்டுரை எழுதிற தளமான மீடியத்தை எடுங்கோ. 2012ல இவன் வில்லியம்ஸ் தொடங்கினது, புளொக்கரையும் ட்விட்டரையும் தொடங்கின ஆக்களில ஒருத்தர்தான் அவர். 2017ல இருந்து அங்க எழுதிற ஆக்களுக்குக் காசு குடுக்கிற திட்டம் ஒண்டு ஓடுது, காசு கட்டின மெம்பர்மார் எவ்வளவு நேரம் நிண்டு வாசிக்கினம் எண்டதுதான் பங்குக்கு முக்கியமான கணக்கு. அப்ப அந்தத் திட்டத்தில போட்ட எழுத்துக்கு முன்னால ஒரு பூட்டு விழும், மாங்குளத்தில டேட்டா கார்ட் போட்டு வாசிக்கிற உங்கட மச்சாள் ரெண்டு பந்தியோட நிக்க வேண்டியதுதான். பூட்டாமலும் போடலாம், அது சரி, ஆனா அங்க உலாவிற சனம் கூடுதலா இங்கிலீஷ் வாசிக்க வாற சனம். தமிழில எழுதிட்டு ஆரும் வருவினமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறதுதான் மிச்சம்.

சப்ஸ்டாக் அதுவும் 2017தான். காசு கட்டுற சந்தாதாரர் இருந்தா அதில 10 வீதம் சப்ஸ்டாக் காரருக்கு, ஸ்ட்ரைப் எண்ட காசு அனுப்பிற கம்பனி வழியாத்தான் காசு வரும், ஸ்ட்ரைப்போ இலங்கைக் கணக்குக்கு வேலை செய்யாது. உங்களுக்கு அது பிரச்சினையில்லை, ஆனா அங்க எழுதிறது கூடுதலா ஈமெயிலிலதான் வாசகருக்குப் போறது. எங்கட ஊரில ஈமெயில் எண்டா போன் வாங்கேக்க கடைக்காரப் பெடியன் திறந்து குடுத்தது, பாஸ்வேர்டும் அவனுக்குத்தான் தெரியும். கனடா, லண்டனில இருக்கிற எங்கட ஆக்களை மனசில வச்சு எழுதிறியள் எண்டா மட்டும் இதை யோசியுங்கோ, அவை வாசிப்பினம்.

வாட்பேடும் பிரதிலிபியும் வேற சாதி. வாட்பேட் 2006ல கனடாவில தொடங்கினது, பிரதிலிபி 2014ல பெங்களூரில. ரெண்டும் தொடர்கதைக்கு எண்டே கட்டின இடம், அடுத்த பகுதிக்கு ஆக்கள் காத்திருக்க வேணும், அதில்தான் அவையின்ர பிழைப்பு. காதல், குடும்பம், பேய் எண்டு அத்தியாயம் அத்தியாயமாப் போட்டா சனம் குவியும், வாட்பேடில ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்திலயே கொமெண்ட் எழுதலாம், எழுதிப் பழகிறவைக்கு அது நல்ல பள்ளிக்கூடம். நீங்கள் எழுதிறது அந்த வகை இல்லை. உங்கட அரிவிவெட்டுக் கட்டுரைக்குக் கீழ "சூப்பர் சிஸ், அடுத்த எபி எப்ப?" எண்டு வந்தா சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியாது. ஆனா அம்மம்மாவின்ர கதையளை ஒரு தொடராக் கோத்தா பிரதிலிபியில தமிழ்நாட்டு வாசகர் கட்டாயம் கிடைப்பினம், அதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

பேஸ்புக்குக்கு வருவம், ஏனெண்டா எங்கட சனம் அங்கதான் இருக்கு. விளம்பரத்தில ஓடுறது, அதால நீங்கள் ஸ்குரோல் பண்ணிக்கொண்டே இருக்க வேணும் எண்டதுதான் அதின்ர ஆசை, நிண்டு வாசிக்க வேணும் எண்டில்லை. முந்தி நீளமா எழுத நோட்ஸ் எண்டு ஒரு வசதி இருந்தது, 2020 ஒக்டோபரோட அதை நிப்பாட்டிப் போட்டினம். இப்ப போடுற பதிவு ரெண்டு நாளில கீழ போயிடும், போன வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு உப்புத்தண்ணியில விளக்கெரிக்கிறதைப் பற்றி எழுதினதை இந்த வைகாசியில தேடி எடுக்கிறதுக்குள்ள பொங்கலே முடிஞ்சிடும். இன்னொண்டும் இருக்கு, வன்னியைப் பற்றி எழுதினா எப்பிடியும் 2009 ஒரு இடத்தில வரும், அந்தக் காலப் படமோ பேரோ இருந்தா பதிவைத் தூக்கிறதும் எக்கவுண்டை முடக்கிறதும் அங்க நடக்கிற விசயம். எழுத்தின்ர ஒரே பிரதி அங்க மட்டும் இருந்தா அதோட போச்சு.

ஆனா கதைக்கிற சனம் எண்டு பாத்தா பேஸ்புக் குரூப்பை அடிக்க ஒண்டுமில்லை. நான் பாத்த ஒரு குரூப்பில ஒருத்தர் பாலைப்பழத்தைப் பற்றி நாலு வரி எழுதினவர், சின்ன வயசில காட்டுக்குள்ள போய்ப் பொறுக்கினது, சொண்டெல்லாம் பால் ஒட்டினது எண்டு. கீழ ஒரு அக்கா வந்து, ஒட்டினா தேங்காயெண்ணெய் பூச வேணும் எண்டு எழுத, நெடுங்கேணிப் பக்கத்து ஐயா ஒருத்தர் எண்ணெயைப் பழம் தின்ன முதலே பூச வேணும், பேந்து பூசி என்ன பிரியோசனம் எண்டு ஏச, அதில இருந்து வீரப்பழம், உலுவிந்தம், கரடிக்குப் பயந்து மரத்தில ஏறினது எண்டு அது போய்க்கொண்டே இருந்தது. எழுதினவரின்ர நாலு வரியை விடக் கீழ வந்தது பெறுமதி. நீங்கள் தேடுறது இதைத்தான் எண்டு நினைக்கிறன்.

அதால எந்த இடத்துக்குப் போறதெண்டாலும் எழுத முதல் கொஞ்ச நாள் அங்க சும்மா இருந்து வாசியுங்கோ. எத்தினை லைக் எண்டதைப் பாக்காதேங்கோ. கீழ வாற ஆக்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் பதில் சொல்லினமோ, இல்லாட்டி எல்லாரும் "அருமை" எண்டு வச்சிட்டுப் போகினமோ? எழுதினவர் திரும்பி வந்து கதைக்கிறாரோ? அதே பேருகள் அடுத்த கிழமையும் வருகுதோ? "இது பிழை, எங்கட பக்கம் இப்பிடி இல்லை" எண்டு ஒருத்தர் மரியாதையாச் சொல்லி, அதுக்குச் சண்டை வராமப் போகுதோ? கடைசி ஒண்டு சரியா இருந்தாலே அந்த இடத்தில இருக்கலாம். நீங்களும் மற்றவையின்ர எழுத்துக்குக் கீழ வடிவா ஏதாவது எழுதுங்கோ, உங்கட பேர் பழகின பிறகு உங்கட கட்டுரையைப் போட்டா ஆக்கள் தேடி வந்து வாசிப்பினம். வந்த அண்டைக்கே லிங்க் போடுற ஆளை ஆருக்கும் பிடிக்காது.

எழுத்து குடியிருக்கிற வீட்டுக்கு என்ர தெரிவு புளொக்கர், உங்களுக்கெண்டு ஒரு புளொக், அதாவது சொந்தப் பக்கம், வச்சு எழுதிற தளம். பழசுதான், 1999ல வந்தது, 2003ல கூகிள் வாங்கினது, ஆனா சதம் செலவில்லை, நீங்களாப் போடாட்டி விளம்பரம் வராது, கூகிளில தேடினா அம்பிடும். வேர்ட்பிரஸ் டொட் கொம்மும் நல்லம், இலவசக் கணக்கில அவையின்ர விளம்பரம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். முந்தி தமிழ்மணம் மாதிரித் திரட்டியள் 2004ல இருந்து புளொக்குகளை ஒரு இடத்தில காட்டினதால அங்கயே ஒரு ஊர் மாதிரிச் சனம் இருந்தது, இப்ப அந்தச் சனம் தானா வராது, நீங்கள்தான் குரூப்பில போய்க் கூட்டிக்கொண்டு வர வேணும். அப்ப இப்பிடிச் செய்யுங்கோ: முழுக் கட்டுரை புளொக்கில, அதில இருந்து ஒரு பந்தியை வெட்டி ஒரு கேள்வியோட பேஸ்புக் குரூப்பில, லிங்க் முதல் கொமெண்டில. அங்க வாற நல்ல பதில்களை, எழுதினவையிட்டக் கேட்டுப்போட்டு, புளொக்கில கட்டுரைக்குக் கீழ சேருங்கோ. இடைக்கிடை செற்றிங்ஸ்ல பக்கப் எடுத்து வையுங்கோ, ஒரு பைலா இறங்கும்.

காசைப் பற்றி ஒரு வசனம்: பக்கத்தில விளம்பரம் போட்டுக் காசு தாற கூகிள் அட்சென்ஸ் 2018ல இருந்து தமிழுக்கும் இருக்கு, விரும்பினா பேந்து போடலாம், ஆனா குளத்துக் கட்டுரைக்கு நடுவில விளம்பரம் வந்து நிண்டா பாக்க நல்லாயிராது, வாறதும் பெரிசா ஒண்டுமில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவையும் மறக்காதேங்கோ, 2003ல இருந்து மயூரநாதன் போல எங்கட பக்கத்து ஆக்கள் கட்டி வளத்த இடம், அங்க காசுமில்லை, கட்டுரையில எழுதினவற்ற பேருமில்லை, உரையாடல் பக்கத்தில நல்லா வாதாடலாம். அம்மம்மாவின்ர கதை அங்க எடுபடாது, ஆதாரம் கேப்பினம், ஆனா உங்கட பக்கத்துக் குளங்களைப் பற்றி எழுத நிறைய இருக்கு. 2005ல இருந்து நூலகம் திட்டம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகையளையும் ஸ்கேன் பண்ணி இலவசமா வச்சிருக்கு, ஆதாரத்துக்கு முதல்ல அங்க தேடுங்கோ.

உங்கட கடிதத்தின்ர கடைசி வரியில எல்லாம் பாமினி எண்ட பழைய எழுத்துருவில ரைப் பண்ணி இருக்கு எண்டு எழுதியிருந்தியள். அதை அப்பிடியே ஒட்டினா அம்மா எண்டு அடிச்சது எம், கே, செமிகோலன், கே, எச் எண்டுதான் மற்றவையின்ர போனில தெரியும். எல்லாப் போனிலயும் தமிழாத் தெரியிற யூனிகோட்டுக்கு மாத்திற சைட் கனக்க இருக்கு, அதில போட்டு எடுங்கோ, ஆனா இடையில இங்கிலீஷ் சொல்லு இருந்தா அதையும் தமிழாக்கிக் கந்தறுத்து வைக்கும், மாத்தின பிறகு ஒவ்வொரு பந்தியா வாசிச்சுத் திருத்திப்போட்டு ஏத்துங்கோ.