அம்மாவின் கைக்கு டெப்பா, கிண்டிலா?

கேள்வி: அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. பின்னேரங்களில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடி இடக்கையால் மட்டும் பிடித்து வாசிப்பார். வலது மணிக்கட்டில் நோ. போனில் எழுத்துச் சிறிது என்கிறார். கடையில் 10 அங்குல டெப் ஒன்றைக் காட்டி, "பாரமே இல்லை" என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: ஒரு கையால் பிடிப்பதற்கென்றால் வேண்டாம்.

கடையில் நின்று இரண்டு நிமிடம் இரண்டு கையாலும் பிடித்தால் எந்த டெப்பும் பாரமில்லைத்தான். ஏறத்தாழ அதே அளவான ஒன்பதாம் தலைமுறை ஐபேட் 487 கிராம், கிட்டத்தட்ட அரைக் கிலோ சீனிப் பைக்கற்று. பைக்கற்றை உள்ளங்கையில் ஏந்துவது வேறு, ஓரத்தைப் பெருவிரலால் கிள்ளிப் பிடிப்பது வேறு. ஒற்றைக் கையில் டெப்பைப் பிடிப்பது இரண்டாவது மாதிரி. பாரத்தின் நடு, பிடிக்கும் ஓரத்திலிருந்து எட்டொன்பது செ.மீ. தள்ளி இருப்பதால் மறுபக்கம் கீழே சாயப் பார்க்கும். மணிக்கட்டு அதை மறித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிண்டில் என்பது மின்னூல் வாசிப்பதற்கென்றே அமேசன் செய்யும் கருவி. 2022இல் வந்த 6 அங்குலக் கிண்டில் 158 கிராம், அகலம் 11 செ.மீ.க்கும் குறைவு, அதனால் பாரத்தின் நடுவும் கைக்குக் கிட்ட. எடையில் மூன்று மடங்கு வித்தியாசம் என்றால், மணிக்கட்டு படும் பாட்டில் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

சரி, அப்படியென்றால் கிண்டில்தானா? அம்மா எதை வாசிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லையே. நாவல், சிறுகதை மின்னூல்கள் என்றால் 6, 7 அங்குலம் தாராளம். எழுத்தை வேண்டிய அளவு பெருப்பிக்கலாம். ஆனால் 'நூலகம்' (noolaham.org) இணையத்தளத்தில் இருக்கும் பழைய ஈழத்துப் புத்தகங்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். அதற்குப் பெரிய டெப்தான் சரி, கையில் அல்ல, ஒரு ஸ்டாண்டில். இரண்டும் கலந்து வாசிப்பவருக்கு 8 அங்குல அளவு ஒரு சமாதானம்: ஐபேட் மினி 293 கிராம். விலை மட்டும் சமாதானமாக இராது.

கிண்டில் போன்ற இன்னொரு மின்னூல் கருவியான கோபோ லிப்ரா 2 (7 அங்குலம், 215 கிராம்) பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்க ஓரம் அகலமானது, பக்கம் திருப்பும் பொத்தானும் அங்கேதான். தலைகீழாகத் திருப்பினால் மற்றக் கைக்கு வந்துவிடும். அம்மாவுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஆனால் எதை வாங்கினாலும் காசு கொடுக்குமுன் உங்கள் தமிழ்க் கோப்பு ஒன்றை அதில் திறந்து காட்டச் சொல்லுங்கள். 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம் என்று நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாரண்டியைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கனடா, லண்டன் உறவுகள் கொண்டுவருவதற்கு இங்கே அது செல்லுமா என்று முதலே விசாரியுங்கள். அப்புறம், மடிக்கும் கவர்: கடைக்காரர் இலவசமாகத் தந்தாலும் வாசிக்கும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள். கிராம் கணக்குப் பார்த்து வாங்கிய மெல்லிய கருவிக்கு மேல் அதுவும் ஒரு நூறு கிராமை ஏற்றிவிடும்.