பெட்டியைத் தள்ளுவது யார்?

அன்புள்ள சார்,

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். திங்கள்நகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இயக்கவியல் கணக்குகளில் திணறுகிறேன். போட்டுவைத்த கணக்கை வாசித்தால் எல்லாம் புரிகிறது. புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தால் முதல் வரியே வருவதில்லை. போன வாரம் ஒரு கணக்கு: 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பும் வண்டியின் தளத்தில் 30 கிலோ பெட்டி. நிலை உராய்வுக் குணகம் (வழுக்காமல் தளம் பெட்டியை எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதன் அளவு) 0.4. பெட்டி வழுக்கவில்லை. அதன் மீதான உராய்வு விசை எவ்வளவு, எந்தத் திசையில்? நான் 118 நியூட்டன், பின்னோக்கி என்று போட்டேன். விடை 60 நியூட்டன், முன்னோக்கி. எனக்கு இயற்பியல் வராதா சார்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

வரும். எங்கே தவறியது என்று இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்திருக்கிறதே, அதிலேயே பாதி இருக்கிறது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். குளச்சலிலிருந்து மீன் ஏற்றிக் கிளம்பும் டெம்போ என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் பெட்டியை மட்டும் ஒரு சதுரமாக வரையுங்கள். டெம்போ வேண்டாம், ரோடு வேண்டாம். இப்போது கேளுங்கள்: இந்தப் பெட்டியை யார் யார் தொடுகிறார்கள்? டெம்போவின் தளம், அது மட்டும்தான். தொடாமல் இழுப்பது பூமி. பூமி கீழே இழுக்கிறது, தளம் மேலே தாங்குகிறது. இந்த இரண்டும் சமம். ஆனால் பெட்டியும் டெம்போவோடு வேகம் கூடிக்கூடிப் போகிறதே, அதை முன்னால் தள்ளுவது யார்? இன்ஜின் பெட்டியைத் தொடவில்லை. மிச்சம் இருப்பது தளத்தின் உராய்வுதான். அப்படியானால் அது முன்னோக்கித்தான் இருந்தாக வேண்டும்.

உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும் என்று பள்ளியில் ஒரு வரி மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த வரிதான் உங்களைப் பின்னோக்கி எழுத வைத்தது. உராய்வு எதிர்ப்பது ஒரு பரப்பு இன்னொரு பரப்பின் மேல் வழுக்குவதை. தளம் முன்னால் போக, பெட்டி பின்தங்கப் பார்க்கிறது. அதை விடாமல் கூடவே கொண்டுபோகிறது உராய்வு. நாளைக்குக் காலையில் பஸ்ஸில் நிற்கும்போது உள்ளங்காலைக் கவனியுங்கள். வண்டி கிளம்பும் அந்த நொடியில் பாதம் பஸ்ஸோடு போய்விடும், உடம்பு பின்னால் சாயும். பாதத்தை முன்னால் கொண்டுபோனது எது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். 30 கிலோவுக்கு 2 மீ/வி² முடுக்கம் கிடைக்க 60 நியூட்டன் போதும். அவ்வளவுதான் விடை. நீங்கள் கண்டுபிடித்த 118, அதாவது குணகம் 0.4 × நிறை 30 × புவியீர்ப்பு முடுக்கம் 9.8, தளத்தால் அதிகபட்சம் தர முடிந்தது. பையில் 118 ரூபாய் இருக்கிறது என்பதற்காக 60 ரூபாய் டிக்கெட்டுக்கு யாரும் 118 கொடுப்பதில்லை. நிலை உராய்வு தேவைக்கு ஏற்பத் தரும், எல்லை வரை. 118-ஐ 30-ஆல் வகுத்தால் 3.9. முடுக்கம் அந்த 3.9 மீ/வி²-ஐத் தாண்டினால்தான் அதன் கை ஓய்ந்து பெட்டி வழுக்கும். ஐஸ் உருகித் தளம் நனைந்தால் குணகமே குறைந்து, எல்லையும் கீழே இறங்கிவிடும்.

உங்களுக்குக் குறைவது அறிவல்ல, பழக்கம். பன்னிரண்டு வருடம் எண்ணைப் பார்த்ததும் சூத்திரம் தேடச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். நான் படித்த காலத்திலும் ஆசிரியர் போர்டில் முழுசாகப் போடுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். அது கணக்குப் போடுவது ஆகாது. பாலத்தில் நின்று ஆற்றில் நீந்துபவரைப் பார்ப்பது மாதிரி. கைடை மூடிவைத்துவிட்டு இருபது நிமிடமாவது முட்டி மோதுங்கள். ஒரு வரியும் வராத அந்த இருபது நிமிடத்தில்தான் படிப்பு நடக்கிறது. அப்புறம் விடையைத் திறந்தால் எங்கே சறுக்கினோம் என்று கண்ணில் படும்.

கேள்வி ஆங்கிலத்தில் இருந்தாலும் யோசிப்பது தமிழிலேயே இருக்கட்டும். 'எதை எது தள்ளுது, எதை எது இழுக்குது' என்று வாய்விட்டே கேளுங்கள்.

இன்னொன்று, விடை வந்ததும் அது நடக்கக்கூடியதா என்று பாருங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், சுமார் 35 மீட்டர். அங்கிருந்து ஒரு தேங்காய் விழுந்தால் தரையைத் தொட எவ்வளவு நேரம்? முதலில் மனசுக்குள் ஒரு ஊகம் வையுங்கள். பலரும் ஐந்தாறு நொடி என்பார்கள். கணக்குப்படி 2.7 நொடிதான், காற்றின் தடையை விட்டுவிட்டால். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 94 கிலோமீட்டர். இப்படி நாலைந்து எண்கள் மனசில் பதிந்துவிட்டால், தாளில் 27 நொடி என்று வரும்போது கையே நின்றுவிடும்.

கடைசியாக, அதே டெம்போ, அதே பெட்டி. வண்டி மணிக்கு 54 கிலோமீட்டரில் போகும்போது டிரைவர் சீராக பிரேக் போடுகிறார். பெட்டி வழுக்காமல் வண்டி நிற்க, குறைந்தது எத்தனை மீட்டர் வேண்டும்? விடையை எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் வரைந்த படத்தை அனுப்புங்கள், உராய்வின் அம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.