பூனைக்குட்டி வெளியே போகத் துடிக்கிறது, விடலாமா?

கேள்வி: எங்கள் மூவண்ணப் பூனைக்குட்டிக்கு நாலரை மாதம் ஆகிறது. இரண்டு மாதத்தில் ஒரு தடுப்பூசி போட்டோம், அதோடு சரி. இப்போது கதவைத் திறந்தால் காலுக்கிடையில் புகுந்து ஓடப் பார்க்கிறாள். எங்களுடையது தனி வீடு. கொல்லையில் கிணறும் கொய்யா மரமும் உண்டு. வாசலில் இறங்கினால் நேரே தெரு, நாலைந்து தெருநாய்கள் எப்போதும் இருக்கும். பக்கத்திலேயே தானிய மண்டி. “பூனையைப் போய் யாராவது அடைத்து வைப்பார்களா, பாவம்” என்கிறார் மாமியார். மகளோ வெளியே விடவே கூடாது என்கிறாள். எந்த வயதில் விடலாம்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வாசல் பக்கம் எந்த வயதிலும் வேண்டாம். கொல்லையில் விடலாம், ஆனால் இன்னும் ஏழு வாரம் பொறுங்கள். வயதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும், கருத்தடை ஆகியிருக்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், கொல்லையும் அவளுக்கு ஏற்றதாக மாறியிருக்க வேண்டும். இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் ஏழு வாரம் கேட்கிறோம்.

முதலில் ஊசி. இரண்டு மாதத்தில் போட்டதை முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரங்கள் இருக்கும். அது இருக்கும்போது போடும் ஊசி பல குட்டிகளுக்குச் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும் வரை போடச் சொல்கிறார்கள். உங்கள் குட்டி 16 வாரத்தைத் தாண்டிவிட்டாள். இந்த வாரமே ‘ட்ரைகேட்’ எனப்படும் மூன்று நோய்த் தடுப்பூசி ஒன்று, மூன்று வாரம் கழித்து இன்னொன்று என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ரேபிஸ் ஊசியை மூன்று மாதத்திலேயே போட்டிருக்கலாம். அதையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

மூன்று நோய்களில் நாங்கள் மிகவும் அஞ்சுவது பான்லூக்கோபீனியா. காய்ச்சல், நிற்காத வாந்தி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காமலேயே உட்கார்ந்திருப்பது என்று தொடங்கி, இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொன்றுவிடும். இது வர இன்னொரு பூனையைத் தொடவே வேண்டாம். நோயுற்ற பூனையின் கழிவு பட்ட மண்ணில் அந்தக் கிருமி ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வரும். ஊசிகள் முடியும் வரை செருப்பைக் கதவுக்கு வெளியே விடுங்கள். தெருப்பூனையைத் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குட்டியைத் தூக்காதீர்கள். ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் குடற்புழு மருந்து தேவை. எடைக்கேற்பத்தான் அளவு என்பதால் எடை போட்டுப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கருத்தடை. மூவண்ணப் பூனை என்றால் அநேகமாகப் பெண்தான், நீங்களும் ‘பார்க்கிறாள்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். பெண் பூனை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். தரையில் புரளுவாள், பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் கத்துவாள். வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுப்பவர்கள் உண்டு, வேண்டாம். பூனைக்கு இணை சேர்வதே கருமுட்டையை வெளிவரச் செய்கிறது. ஆகவே பருவத்தில் ஒரே ஒரு முறை நழுவி ஓடினாலும் சினை பிடித்துவிடும். ஒன்பது வாரத்தில், தானே இன்னும் வளர்ந்து முடிக்காத உடம்போடு, குட்டி போடுவாள். கடைசி ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து அறுவை சிகிச்சைக்கு நாள் வாங்குங்கள். தையல் ஆற 10 முதல் 14 நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். மூன்று, இரண்டு, இரண்டு என்று ஏழு வாரம் இப்படித்தான் வருகிறது. அதற்குள் குட்டிக்கு ஆறு மாதம் ஆகிவிடும்.

இந்த ஏழு வாரத்தில் அவளுக்குக் கற்றுத்தர வேண்டியது ஒன்றே ஒன்று: கூப்பிட்டால் வருவது. மூடியுள்ள தகர டப்பாவில் உலர்தீனி போட்டுக் குலுக்குங்கள், ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள், வந்ததும் உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியில் ஒரு நாரைக் கொடுங்கள். நாளைக்கு நாலைந்து முறை, வீட்டின் வெவ்வேறு மூலையிலிருந்து செய்யுங்கள். மருந்து கொடுக்கவும் குளிப்பாட்டவும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது. அதற்கு நீங்களே போய்த் தூக்குங்கள். பலருக்கு இந்தப் பழக்கம் கெட்டுப்போவது இங்கேதான். இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாவது முறை கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

கதவருகே பாய்வதற்கும் வழி உண்டு. சாப்பாட்டுத் தட்டையும் விளையாட்டையும் வாசலிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். திறக்கும் முன் ஒரு காகிதப் பந்தை அறையின் உட்பக்கம் வீசுங்கள். விருந்தாளிகள் வரும் நாளில் ஓர் அறையில் விட்டுத் தாழ் போட்டுவிடுவது நல்லது.

இனி கொல்லை. முதல் வேலை கிணறு. இரும்புக் கம்பிச் சட்டம் போட்டிருந்தாலும் அதன் இடைவெளி ஆள் விழாமலிருக்கத்தான், குட்டி அதில் நழுவிவிடும். அதன்மேல் ஓர் அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பி வலையை விரித்துக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். தண்ணீர்த் தொட்டி மூடி பொருந்தி உட்காருகிறதா பாருங்கள். பின்பக்கக் கதவுக்கடியில் நாய் நுழையும் சந்து இருந்தால் அதே வலையால் அடையுங்கள். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தால், அவள் ஏறக்கூடிய இடத்திலாவது உடைத்துப் பூசிவிடுங்கள்.

நாய் உள்ளே வந்துவிட்டால் ஆறு மாதக் குட்டி ஓடித் தப்பிப்பது கடினம், ஏறித்தான் தப்ப வேண்டும். கொய்யா மரத்தின் வழவழப்பான பட்டையில் நகம் சரியாகப் பிடிக்காது. அடிமரத்தில் ஐந்தடி உயரத்துக்குத் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். இன்னொரு பக்கம், ஓர் அடி அகலப் பலகைக்கும் கயிறு சுற்றி, ஜன்னல் சன்ஷேடுக்குச் சாய்த்து ஆணியடியுங்கள். கொல்லையின் எந்த இடத்தில் நின்றாலும் நாலு பாய்ச்சலில் எட்டும் தூரத்தில் ஏறுமிடம் ஒன்று இருக்க வேண்டும். அரளியும் செங்காந்தளும் இருந்தால் எடுத்துவிடுங்கள், இரண்டுமே நஞ்சு.

மதிலைத் தாண்டாமலிருக்க, மேலே உட்பக்கம் சாய்ந்த மாதிரி இரண்டடி அகலத்துக்கு நைலான் வலை கட்டலாம். தொய்வாக இருக்கட்டும், ஆடும் வலையில் பூனை ஏறத் தயங்கும். இதை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து, காரணம் அந்த மண்டி. தானியம் இருக்குமிடத்தில் எலி இருக்கும், எலி இருக்குமிடத்தில் எலிமருந்தும் இருக்கும். விஷம் தின்று தள்ளாடும் எலிதான் குட்டிப் பூனையிடம் எளிதில் சிக்கும். மண்டிக்காரரிடம் எந்த மருந்து வைக்கிறார் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கருப்புப் பொடியான துத்தநாக பாஸ்பைடு சில மணி நேரத்திலேயே வாந்தியில் காட்டிவிடும், பூண்டு வாடை வரும். அந்த வாயு மனிதருக்கும் கெடுதல் என்பதால் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். புரோமடியலோன் கலந்த கட்டி அப்படியல்ல. இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தெரியாது, பிறகுதான் ஈறு வெளுத்துச் சோர்ந்து விழும். எதுவானாலும் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மருந்தின் பெயரோடு மருத்துவரிடம் ஓடுங்கள்.

முதல் நாள் காலை ஏழு மணிபோல, சாப்பாடு வைப்பதற்கு முன், பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் வெளியே போய் உட்காருங்கள். தூக்கிக்கொண்டு போய் நடுக்கொல்லையில் விடக் கூடாது. தன் காலால் நடந்து, மோந்து பார்த்து வந்தால்தான் மிரண்டால் திரும்ப ஓடும் வழி தெரியும். பத்து நிமிடம் போதும். டப்பாவைக் குலுக்கிக் கூப்பிட்டு, உள்ளே வந்ததும் சாப்பாடு. இரண்டு நாளைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். முதல் மாதம் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். உங்கள் ஊர் வெயிலில் பதினொன்று முதல் நாலு மணி வரை வேண்டாம். பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அது ஆபத்து நிலை, உடனே நிழலுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து மருத்துவரிடம் போக வேண்டும். பொழுது சாயும் முன் உள்ளே வந்துவிட வேண்டும் என்பதை மட்டும் ஒருநாளும் தளர்த்தாதீர்கள். இருட்டிய பிறகுதான் நாய்களும் கூட்டமாகும், ஆண் பூனைகளும் சண்டைக்கு வரும். தீபாவளி வாரம் முழுக்க வீட்டுக்குள்தான்.

கழுத்துப்பட்டை வாங்கினால், இழுத்தால் தானே கழன்றுவிடுகிற வகையாக இருக்கட்டும். நாய்க்குட்டிப் பட்டை கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும், வளரும் வயதானதால் வாரம் ஒருமுறை பாருங்கள். அதில் உங்கள் கைபேசி எண் எழுதியிருந்தால் போதும். மைக்ரோசிப் வைப்பதும் நல்லதே, ஆனால் பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. யாராவது கண்டெடுத்துக் கருவியால் படித்தால் 15 இலக்க எண் தெரியும், அவ்வளவே.

வெளியே போனால் தெள்ளுப்பூச்சி வரும். நாய்க்கு வைத்திருக்கும் சொட்டு மருந்தைப் போட்டுவிடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தது என்றால் பூனைக்கு வலிப்பு வந்து இறந்துவிடும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுப்பதும் அப்படியே, ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். சண்டையில் பட்ட பல்காயம் மேலே ஊசிமுனை அளவுதான் தெரியும். மூன்றாம் நாள் உள்ளே சீழ் கட்டி வீங்கும், காய்ச்சல் வரும். மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் கடிபட்ட அன்றே காட்டுங்கள். உங்கள் மகளை அவள் பிராண்டினாலோ கடித்தாலோ 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பூனைக்கு ஊசி போட்டிருந்தாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துரத்தவும் ஏறவும் இடமில்லாத பூனை திரையைக் கிழிக்கும், காலைக் கடிக்கும். ஏழு வாரமும் காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம் குச்சியில் கட்டிய இறகைத் துரத்த விட்டு, முடிவில் அதைப் பிடிக்கவும் விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். இந்த விளையாட்டைக் கொல்லையில் விட்ட பிறகும் தொடர்ந்தால் அணிலும் தவிட்டுக்குருவியும் கொஞ்சம் தப்பும். மாமியார் பகலில் கொல்லையில் உட்காருபவர் என்றால் காவல் பொறுப்பையும் டப்பாவையும் அவரிடமே கொடுங்கள்.