தகரப் பெட்டி: பழைய சங்கச் செயலாளரிடம் கேளுங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் 27 வருடம் சங்கச் செயலாளராக இருந்தேன். மினிட் புத்தகங்களும் ஒப்பந்த நகல்களும் என் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கின்றன. சம்பா நெல் வந்து ஆலைகள் ராப்பகலாக ஓடுகிற நேரம் என்பதாலோ என்னவோ, இந்த மாதக் கடிதங்கள் எல்லாமே கூலி ஒப்பந்தம் பற்றித்தான்.

எங்கள் ஆலையில் புது ஒப்பந்தத்துக்குப் பேச்சு தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. ஆறு சுற்று முடிந்துவிட்டது. என்ன பேசினீர்கள் என்று கேட்டால், ‘சுமுகமாகப் போகிறது, முடிந்ததும் சொல்கிறோம்’ என்கிறார் செயலாளர். வெளியே சொன்னால் காரியம் கெட்டுவிடுமாம். இது சரியா?
– வாசகர், நீடாமங்கலம்

உங்கள் செயலாளர் சொல்வதை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அது 1994. ஆலையில் நாங்கள் 86 பேர். மூட்டைக்கு 90 பைசா கேட்டோம், அவர்கள் 40இல் நின்றார்கள். மூன்றாம் சுற்றில் மேனேஜர் 55 வரை வந்தார். எழுந்து போகும்போது என் தோளில் கை போட்டு, ‘கையெழுத்தாகிற வரைக்கும் இது நமக்குள்ளேயே இருக்கட்டும்’ என்றார். எனக்கு உள்ளூரப் பெருமைதான். கேட்டில் காத்திருந்தவர்களிடம் கையை ஆட்டிவிட்டு, ‘சுமுகம், சுமுகம்’ என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதே வாரம் பழைய டிவிஎஸ் 50 ஒன்று வாங்கினேன், மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு. பாதிப் பணம் கடன். போதாதா? சனிக்கிழமைக்குள் டீக்கடையில் கணக்கு முடித்துவிட்டார்கள். செயலாளர் 50 பைசாவுக்கு ஒத்துக்கொண்டாராம், அதற்குத்தான் வண்டியாம். திங்கட்கிழமை வாயிற்கூட்டம் போட்டேன். 86 பேரில் 11 பேர் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் வண்டியைப் பார்க்க வந்தவர்கள்.

மேனேஜருக்கு அன்று சாயங்காலமே சேதி போய்விட்டது. நான்காம் சுற்றில் 55 இறங்கி 48 ஆனது. பதினொரு பேர் கூடுகிற சங்கத்துக்கு 55 எதற்கு? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அப்புறம்தான் கேட்டுக்கு எதிரே புளியமரத்தில் ஒரு கரும்பலகை மாட்டினோம். பேச்சு முடிந்த அன்றே நான்கு வரி எழுதுவோம்: தேதி, நாம் கேட்டது, அவர்கள் சொன்னது, அடுத்த பேச்சு என்றைக்கு. நாம் கடைசியாக எந்த எண்ணில் நிற்போம் என்பதை மட்டும் எழுதமாட்டோம், அது குழுவின் மடிக்குள் இருக்க வேண்டியது. ஆனால் அவர்கள் சொன்ன எண்ணை எதற்கு மறைக்க வேண்டும்? மேனேஜருக்கு அது தெரியும், குழுவுக்குத் தெரியும். தெரியாமல் இருப்பவர் உறுப்பினர் ஒருவர்தான். பலகை மாட்டி மூன்றாவது வாரம் வாயிற்கூட்டத்துக்கு எழுபது பேருக்கு மேல் வந்தார்கள். 62 பைசாவில் கையெழுத்தானது. அந்த 48ஐ எழுதிய அன்று என் கை நடுங்கியது வேறு கதை.

செயலாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு கரும்பலகை வாங்கிக் கொடுங்கள், சாக்பீஸோடு.

எங்களிடம் 25 கிலோ சிப்பத்தை 26 கிலோ ஆக்கினார்கள். சிப்பக் கூலி அப்படியேதான் இருக்கிறது. கேட்டால், ‘ஒரு கிலோவில் முதுகா ஒடிந்துவிடும்’ என்று சிரிக்கிறார்கள்.
– வாசகர், பட்டுக்கோட்டை

முதுகு ஒடியாது. கூலிதான் ஒடியும்.

அந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். 25ஐத் தாண்டினால் வரி இல்லை. உடனே நம் ஊர்க் கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆலைக்கு வரி மிச்சம், வாங்குபவருக்கும் மிச்சம். தூக்குபவருக்கு?

பத்து டன் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ என்றால் 400 சிப்பம். 26 கிலோ என்றால் 385கூட முழுசாக வராது. சிப்பத்துக்கு 4 ரூபாய் கூலி என்றால் முன்பு 1,600, இப்போது 1,540. அதே லாரி, அதே பத்து டன். ஒவ்வொரு லோடிலும் உங்கள் செட்டுக்கு அறுபது ரூபாய் போகிறது. இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு நிற்கிறதா என்று பார்க்கலாம்.

எங்களுக்கு வந்தது இதற்குத் தலைகீழான வம்பு. 75 கிலோ மூட்டையை 50 கிலோ ஆக்கினார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, கூலியிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள் என்றார் மேனேஜர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, குழுவில் பாதிப் பேர் வாயடைத்துப் போனோம். எங்களில் வயதான சுமைக்காரர் ஒருவர்தான், ‘எடை கொறஞ்சுது சரி, நடை கூடிப்போச்சேய்யா’ என்றார். பத்து டன்னுக்கு முன்பு 133 நடை, இனி 200 நடை. லாரிப் பலகையில் ஏறி இறங்குவதும், வெறுங்கையோடு கோடவுனுக்குத் திரும்புவதும் அந்த 200இல் சேர்த்திதான். கடைசியில் ஆறில் ஒரு பங்கு குறைப்போடு முடிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு ஷரத்து போடவைத்தோம்: பை எடை மாறினாலும், லாரி நிற்கும் இடம் மாறினாலும் கூலியை மறுபடி பேச வேண்டும். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் அது இருக்கிறதா?

ஒப்பந்தக் காலம் டிசம்பரோடு முடிந்துவிட்டது. பழைய சலுகைகள் போச்சா?
– வாசகர், முத்துப்பேட்டை

போகாது. ஒரு தரப்பு முறித்துக்கொள்வதாக எழுத்தில் அறிவித்து 60 நாள் ஆகிற வரைக்கும் பழையதே ஓடும். புதியதில் ‘ஜனவரி 1 முதல்’ என்று எழுதவைத்து நிலுவையை வாங்குங்கள். தேதியை விட்டுக்கொடுத்துவிட்டு இரண்டு காசு கூடுதலாக வாங்கி வந்து மாலை போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் நஷ்டம்தான்.

எங்கள் ஆலையில் இரண்டு சங்கம். இன்னொரு சங்கம் தனியாக 18(1) போட்டுவிட்டது. எங்களையும் அது கட்டுப்படுத்துமா?
– வாசகர், கும்பகோணம்

கட்டுப்படுத்தாது. 18(1) என்பது 1947 தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு. நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது அது, கையெழுத்துப் போட்டவர்களோடு சரி. 12(3) அப்படியில்லை. சமரச அதிகாரி முன்னிலையில் ஆவதால், கையெழுத்துப் போடாத சங்கம் முதல் நாளை வேலைக்குச் சேரப்போகிற பையன் வரை எல்லோரையும் பிடிக்கும். எண்ணே பெயராகிப்போனதால், சட்டம் மாறினாலும் நாம் இன்னும் கொஞ்ச காலத்துக்கு 12(3) என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

சட்டம் மாறியும்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், பணிப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் யாரிடம் இருக்கிறதோ அந்தச் சங்கம்தான் பேசும். யாருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து குழுவாகப் பேச வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு முன்பு பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும்தான் இருந்தது, இப்போது எல்லா நிறுவனங்களுக்கும். பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டாலும் அதை வேலைநிறுத்தம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆக, மேடைப் பேச்சை விடுங்கள், சந்தா ரசீதுப் புத்தகத்தைத் தூசி தட்டுங்கள்.

நான் ஆலைக் களத்தில் வேலை பார்க்கிறேன். நாங்கள் 14 பெண்கள். ஒப்பந்தத்தில் எங்களைப் பற்றி ஒரு வரிகூட வராது. ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்கிறார்கள்.
– வாசகி, திருத்துறைப்பூண்டி

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு 1994 ஒப்பந்தத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பதினேழு ஷரத்து. சுமை இருக்கிறது, தையல் இருக்கிறது, பாய்லர், காவலாளி எல்லாம் இருக்கிறது. களம் இல்லை. அவித்த நெல்லைப் பரப்பி, வெயிலில் காலால் கிளறி, மேகம் கூடினால் ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாய் போட்ட பெண்கள் 19 பேர். ‘அவங்க மேஸ்திரி கணக்கு’ என்றார் மேனேஜர். அதைக் கிளறினால் நம் 62 பைசா 60 ஆகிவிடும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னார் என்று எழுதுகிறேனே, தலையாட்டியவன் நான்தான்.

1997இல் மாறியது. எங்கள் புத்தியால் இல்லை. ஐப்பசியில் ஒரு மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தபோது, 19 பேரும் களத்து ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் தார்ப்பாயைத் தானே இழுத்துக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். அடுத்த சுற்றுப் பேச்சில் அவர்களில் ஒருவருக்கு நாற்காலி போட்டார்கள்.

இன்றைக்கு அப்படி உட்கார்ந்தால் 14 நாள் முன்னறிவிப்பு எங்கே என்று கேட்பார்கள். மேகம் அத்தனை நாள் முன்னால் சொல்லிக்கொண்டு வராது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போதே. 14 பேரும் சந்தா கட்டுங்கள், பேச்சுக் குழுவில் உங்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் எழுந்து நின்று கேளுங்கள். சுமைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். நாங்களும் முணுமுணுத்தோம்.

பண்ணையாட்கள் காலத்திலும் ஒப்பந்தம் போட்டார்களாமே?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒன்று இருக்கிறதே! 1943இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் கால் ஊன்றியது. பி. சீனிவாசராவ் ஊர் ஊராக நடந்து சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம். சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கிற சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்களை ஒத்துக்கொள்ள வைத்தது அதுதான். அதற்கப்புறமும் சண்டை ஓயவில்லை. 1948இல் மாயவரம் ஒப்பந்தம், 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோனது, 1969இல் நியாயக் கூலிச் சட்டம் என்று நீண்டது.

என் அப்பா பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. பிறந்த வருடம் தெரியாது. ரேஷன் கார்டுக்கு வயது கேட்டபோது, ‘அடி நின்னப்போ எனக்கு மீசை மொளைக்கல’ என்றார். எழுத வந்தவர் சின்னப் பையன், பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். 1930 என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

பேச்சுவார்த்தைக்குப் போனால் முந்திரிப் பருப்பும் டிகிரி காபியும் வைக்கிறார்கள். சாப்பிடலாமா?
– புதிதாகக் குழுவில் சேர்ந்தவர், திருவாரூர்

காபி குடியுங்கள். முந்திரி வேண்டாம். வாய் நிறைய நீங்கள் மென்றுகொண்டிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் மேனேஜர் எண்ணைச் சொல்வார். ‘இல்லை’ என்று சொல்ல வராது, தலை தானாக ஆடிவிடும். 1988இல் எனக்கு ஆடியது. மூட்டைக்கு மூன்று பைசா போச்சு.