சிப்பியா, ஸ்டிக்கரா? கிட்டார், வீணை வாங்குறவங்க கேள்விகளும் பதில்களும்

கிட்டார் இன்லே, அதாவது மரத்துல பள்ளம் வெட்டி சிப்பி பதிக்கிற அலங்காரம், அது பத்தி ஒரு கேள்விக்கு போன தடவ பதில் எழுதினேன், அதுல இருந்து இதே விஷயமா கடிதமா வந்துட்டு இருக்கு, வீணைக்காரங்களும் சேந்துக்கிட்டாங்க. எல்லாத்தையும் சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட 42,000 ரூபா குடுத்து கையால செஞ்ச கிட்டார் வாங்கினேன். ஓட்டையச் சுத்தி இருக்குற வளையம் ஒரிஜினல் அபலோன் சிப்பின்னு வாட்ஸப்புல சொன்னார். ஆறே மாசத்துல ஓரம் தூக்குது, நகத்தால தொட்டா உரிஞ்சு வருது. – கும்பகோணம் வாசகர்

அது ஸ்டிக்கர் சார். சிப்பின்னா மரத்துல பள்ளம் வெட்டி, உள்ள பதிச்சு, பசை காஞ்சதும் மரத்தோட மட்டமா தேய்ச்சிருப்பாங்க. பசை சரியில்லன்னா துண்டா கழண்டு விழும், தோல் மாதிரி உரியாது. இன்னொன்னும் பாருங்க, சிப்பி சின்னது, வளைஞ்சது, அதுல முழு வளையம் ஒரே துண்டா கிடைக்காது, குட்டிக் குட்டித் துண்டா ஒட்டித்தான் வளையம் கட்டுவாங்க, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா இணைப்பு தெரியும். உங்க போட்டோவுல ஒரு இணைப்பு கூட இல்ல.

உங்க மேல தப்பே இல்ல. எழுத்துல சொன்னத நம்பி பணம் குடுத்திருக்கீங்க. மிச்சத்த உரிக்காதீங்க, ஃபெவிகுயிக் போட்டு ஒட்டவும் செய்யாதீங்க, அதுதான் உங்க சாட்சி. அந்த வாட்ஸப் மெசேஜ் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு, பணத்த திருப்பிக் கேட்டு எழுத்துல அனுப்புங்க. அசையலன்னா நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டு புகார் குடுங்க. அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. 2 வருஷத்துக்குள்ள போட்டாகணும், அத மட்டும் விட்டுடாதீங்க.

இன்லே நிறைய இருந்தா சத்தம் நல்லா வருமா? – மயிலாடுதுறை

வராது. சத்தம் மேல் பலகையில இருந்து வருது.

இன்ஸ்டாகிராம்ல போட்டோ பாத்து, கொடி டிசைன் போட்ட கிட்டாருக்கு முழுப் பணம் 60,000 கட்டிட்டேன். பில் வாங்கல. நாலு மாசமா "அடுத்த வாரம்"னு சொல்றார். – திருவாரூர்

முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க, பில் இல்லாம ஒத்த ரூபா குடுக்காதீங்கன்னு எத்தன தடவதான் எழுதுறது? 600 ரூபா மிக்ஸி ஜாருக்கு பில் கேட்டு வாங்குறீங்க, 60,000-க்கு வாய் திறக்கல. சரி, நடந்தது நடந்து போச்சு. ஜிபேல போன பணத்துக்கு ரெக்கார்டு இருக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்க. "இந்தத் தேதிக்குள்ள குடுங்க, இல்லன்னா பணம்"னு தேதி போட்டு எழுதி அனுப்புங்க. அதுக்கப்புறம் மேல கும்பகோணத்துக்காரருக்குச் சொன்ன அதே வழிதான்.

பொண்ணு வீணை கத்துக்குறா. கடையில ஒரு வீணைய காட்டி "தந்த வேலைப்பாடு, பழைய ஸ்டைல்"னு 15,000 கூட கேக்குறாங்க. குடுக்கலாமா? – மன்னார்குடி அம்மா

குடுக்காதீங்கம்மா. இதுல எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம் இருக்கு, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

தந்தம் விக்கிறதே குத்தம். 1972 வனவிலங்கு சட்டத்துல 1986-ல திருத்தம் கொண்டு வந்து நம்ம யானைத் தந்த வியாபாரத்த நிறுத்தினாங்க, 1991-ல ஆப்பிரிக்கத் தந்தத்தையும் நிறுத்தினாங்க. மான் கொம்பும் விக்கக் கூடாது. அதனால புது வீணையில தந்தம்னு சொன்னா ஒண்ணு பொய், இல்லன்னா குத்தம்.

இன்னிக்கு தஞ்சாவூர்ல போடுறது வெள்ளை பிளாஸ்டிக் தகடு. அது ஒண்ணும் கேவலம் இல்ல, வேலை செய்யிறவர் பக்கத்துல உக்காந்து பாத்தீங்கன்னா புரியும். தகட்டுல சின்ன உளியால கொடி, பூ, அன்னம்னு கீறி, கீறின கோட்டுக்குள்ள கறுப்பும் சிவப்பும் பச்சையும் ஏத்தி, மேல இருக்குறத சுரண்டி எடுப்பார், கோடு மட்டும் நிக்கும். ஒரு இதழ் கொஞ்சம் குண்டா, அடுத்தது ஒல்லியா இருக்கும், அந்த வித்தியாசம்தான் கை வேலைக்கு அடையாளம். எல்லா இதழும் அச்சு மாதிரி ஒண்ணா இருந்தா மெஷின்ல அடிச்சது. அந்தக் கைக்கு கூலி கேட்டா தாராளமா குடுங்க, "பிளாஸ்டிக்தானே"ன்னு அவர்கிட்ட பேரம் பேசாதீங்க. ஆனா தந்தம்னு சொல்லி நடுவுல இருக்குற வியாபாரி வாங்குற 15,000-ல அவருக்கு ஒரு பைசா போகாது, எனக்கு வயிறு எரியிறது அங்கதான்.

நானும் பட்டிருக்கேன். 2011-ல அக்கா பொண்ணுக்கு வீணை வாங்கினப்ப "மான் கொம்பு வேலை"ன்னு சொல்லி 9,000 கூட வாங்கினாங்க, அத விக்கவே கூடாதுன்னு அப்ப எனக்குத் தெரியாது. அடுத்த சித்திரை வெயில்ல வீணைக் குடத்து (உருண்ட பெரிய பகுதி) மேல ஒரு தகடு டப்புன்னு எகிறிச்சு. அடியில தபால் அட்டை கனத்துல பிளாஸ்டிக், மஞ்சள் பசை, அதுக்கும் கீழ மரத்துல விரல் நீளத்துக்கு விரிசல், மக்கு வச்சு அடைச்சு மேல தகட்ட போட்டு மறைச்சிருக்காங்க. அந்தப் புள்ள அன்னிக்கு அழுதத இன்னும் மறக்கல. அதனால தகடு போடுறதுக்கு முன்னாடி வெறும் மரத்த போய் பாருங்க, இல்லன்னா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பில்லுல "பிளாஸ்டிக் தகடு, கை வேலை"ன்னு எழுதித் தரச் சொல்லுங்க. நல்ல பட்டறைக்காரர் யோசிக்காம எழுதுவார்.

தஞ்சாவூர் வீணைக்கு ஜிஐ (புவிசார் குறியீடு) இருக்குன்னு ரேட் ஏத்துறாங்களே? – பாபநாசம்

2013-ல கிடைச்சது. அது பேருக்கும் ஊருக்கும் பாதுகாப்பு, உங்க கையில இருக்குற வீணைக்கு கியாரண்டி இல்ல. பலா மரமா, ஒரே மரத்துல குடைஞ்ச ஏகாந்த வீணையா, ஒட்டு வீணையான்னு கேளுங்க. ஒரே மரம்னா ரேகை குடத்துல இருந்து தண்டி (நீளமான கழுத்து) வரைக்கும் விடாம ஓடும்.

கிட்டார் ஃப்ரெட் போர்டுல (விரல் வச்சு அழுத்துற பலகை) சிப்பிப் புள்ளி விரலுக்கு மேடா தட்டுது. கடையில கேட்டா க்ளைமேட்னு சொல்றாங்க. – பட்டுக்கோட்டை

பாதி உண்மை. ஐப்பசி மழையில மரம் ஈரம் குடிச்சு உப்பும், அக்னி நட்சத்திரத்துல சுருங்கும், சிப்பி அப்படியே நிக்கும், அதனால லேசா தட்டுறது சகஜம். ஆனா பலகையில குறுக்கப் பதிச்சிருக்குற ஃப்ரெட் கம்பி நுனியும் சேந்து கைய கீறுதுன்னா மரத்த சரியா காய வைக்காம செஞ்சிருக்கலாம். ஓசியில சரி பண்ணித் தரச் சொல்லுங்க, அது அவங்க பொறுப்பு.

என் கிட்டார் ஃப்ரெட் போர்டுல என் பேர சிப்பியில பதிக்க ஆசை. எங்க ஊர் ஆசாரி செய்யிறேன்னு சொல்றார். – திருவையாறு

செய்யலாம் தம்பி, ஆனா ஃப்ரெட் போர்டுல வேண்டாம். அது லேசா வளைஞ்சது, சிப்பித் தகடு தட்டை, தடிமன் ஒண்ணு ஒன்றரை மில்லிமீட்டர்தான், வளைவுக்குத் தேய்க்கத் தேய்க்க ஓரம் மெலிஞ்சு அடிப்பசை தெரிஞ்சுடும். நடுவுல ஃப்ரெட் கம்பிகளையும் கழட்டணும். முறுக்காணி இருக்குற தலைப் பலகை தட்டையா இருக்கும், அங்க போடுங்க. முதல்ல ஒரு வேஸ்ட் கட்டையில ஒரே ஒரு எழுத்து செஞ்சு காட்டச் சொல்லுங்க, எழுத்துக்கும் மரத்துக்கும் நடுவுல கறுப்புப் பசை முடி அளவுக்கு மேல தெரிஞ்சா கிட்டார குடுக்காதீங்க. சிப்பித் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தண்ணி தொட்டு அறுக்கச் சொல்லுங்க, மாஸ்க் நீங்களே வாங்கிட்டுப் போய் குடுங்க.